ஐந்து முகம் கொண்ட ஒரு மூட்டு நோய்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் மூட்டு நோய் மருத்துவரான நம் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரைக்குப் பின் நடந்த கேள்வி பதிலில் ஒரு பகுதியும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளது.)



1974-75-இல் இந்தக் கல்லூரியில் புகுமுக வகுப்பு படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனவன் நான். ஒரே ஒரு வருஷம்தான் இங்கே இருந்தேன். ஆனாலும் தவளையை அறுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது இங்கேதான் என்பதால், நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று உரிமையோடு வந்து நிற்கிறேன்.

செயலாளர் என்னிடம், "மூட்டுவலி பத்திப் பேசுங்க டாக்டர், நம்ம செட்ல பாதிப் பேருக்கு அதுதானே பிரச்சினை" என்றார். உண்மைதான். மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். அது பெரும்பாலும் தேய்மானம். அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, வார இதழ்களில் கட்டுரையும் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டிருப்பது அதிகம் பேசப்படாத ஒன்று. தோலில் செதில் செதிலாக வரும் சோரியாசிஸ் நோயோடு சேர்ந்து வரும் மூட்டு வாதம். இதைச் சோரியாசிஸ் மூட்டழற்சி என்று சொல்லலாம்.

ஏன் இதை எடுத்தேன் என்றால், இந்த நோயாளி மூன்று டாக்டர்களின் வாசலில் தனித்தனியாகப் போய் நிற்கிறார். தோலுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், முதுகுவலிக்கு இன்னொருவர். தோல் டாக்டரிடம் மூட்டைப் பற்றிச் சொல்வதில்லை. எலும்பு டாக்டரிடம் தோலைப் பற்றி வாயே திறப்பதில்லை, வெட்கம். இரண்டும் ஒரே நோய் என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்குள் விரல் மடங்கிவிடுகிறது.

தோலும் மூட்டும்

முதலில் சோரியாசிஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். நம் மேல்தோலின் செல்கள் அடியிலிருந்து பிறந்து மேலே வந்து உதிர சுமார் 28 நாள் ஆகும். சோரியாசிஸ் உள்ள இடத்தில் அந்த வேலை மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து, சிவந்த தடிப்பின் மேல் வெள்ளிச் செதிலாக உதிர்கின்றன. முழங்கை, முழங்கால், தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், தொப்புளில், பிட்டத்தின் இடுக்கில் எங்கும் வரலாம். இது தொற்று நோய் அல்ல. தொட்டாலோ, ஒரே சோப்பைப் பயன்படுத்தினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒட்டாது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆளைத் தெரியாமல் சொந்த வீட்டுக்காரனையே அடிக்கிற கதை இது.

அதே எதிர்ப்புச் சக்தி மூட்டையும் அடிக்கலாம். சோரியாசிஸ் உள்ளவர்களில் 100-க்கு 30 பேர் வரை மூட்டு நோய் வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த மூட்டு நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேருக்குத் தோல் நோய் முதலில் வரும், பல வருஷம் கழித்து மூட்டு நோய் வரும். சுமார் 15 சதவீதம் பேருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். மீதிப் பேருக்கு மூட்டு முதலில், தோல் பிறகு. இந்தக் கடைசிக் கூட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

தோல் நோய்க்கும் மூட்டு நோய்க்கும் உறவு இருக்கிறது என்று 1818-ஆம் ஆண்டிலேயே ஜான் லூயி அலிபேர் என்ற பிரெஞ்சு தோல் மருத்துவர் எழுதினார். ஆனால் அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல், இது முடக்குவாதம்தான், அந்த ஆளுக்குத் தற்செயலாகச் சோரியாசிஸும் இருக்கிறது என்றே பலரும் நினைத்தார்கள். 1964-இல்தான் அமெரிக்க வாதநோய்ச் சங்கம் இதைத் தனி நோயாக ஏற்றது. 1973-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த மோல், ரைட் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு ஐந்து வகை உண்டு என்று பிரித்துக் காட்டினார்கள். அந்த ஐந்து வகையைத்தான் இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நடுநடுவே நான் சொல்லப்போகிற நோயாளிகளை அடையாளம் தெரியாதபடி மாற்றியே சொல்கிறேன்.

முதல் வகை: அங்கொன்றும் இங்கொன்றும்

நாலு மூட்டுக்கு மேல் போகாது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வலது முழங்கால், இடது காலின் நாலாவது விரல் என்று ஒழுங்கில்லாமல் வரும். மோல், ரைட் இருவரும் பார்த்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இந்த வகை. பின்னால் வந்த ஆய்வுகளில் இது இவ்வளவு அதிகம் இல்லை, பல மூட்டு வகையே கூட என்று தெரிந்தது. ஆனால் ஆரம்பத்தில் வருகிறவர்களில் இந்த வகை நிறைய.

இதில் ஒரு விசேஷம், ஒரு விரல் முழுவதும் அடியிலிருந்து நுனி வரை வீங்குவது. மூட்டு மட்டும் உருண்டையாக வீங்காது. மூட்டு, தசைநாண், அதைச் சுற்றிய உறை எல்லாம் சேர்ந்து வீங்கி, விரலே ஒரு சேப்பங்கிழங்கு மாதிரி ஆகிவிடும். வேறு சில நோய்களிலும் இது வரும் என்றாலும், இப்படி ஒரு விரலைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது சோரியாசிஸ்தான்.

ஒரு லாரி ஓட்டுநர். காலில் ஒரு விரல் இப்படி வீங்கியது. ரத்தத்தில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூட இருந்தது. 'கவுட்' என்று முடிவுகட்டி, கறி, பருப்பு, காளான் எல்லாவற்றையும் ஒரு வருஷம் நிறுத்தி, மாத்திரையும் சாப்பிட்டார். விரல் வற்றவில்லை. சோரியாசிஸ் உள்ளவர்களுக்கே யூரிக் அமிலம் கொஞ்சம் ஏறி நிற்பதுண்டு, அதுதான் ஏமாற்றியது. "தலையில ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "பொடுகு சார், பத்து வருஷமா போகவே மாட்டேங்குது" என்றார். முடியை விலக்கிப் பார்த்தால் பொடுகு இல்லை, கெட்டியான செதில் தடிப்பு.

இரண்டாம் வகை: முடக்குவாதம் போல

இரண்டு கைகளிலும், இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி பல மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்ததும் கை விறைத்துப்போய் டம்ளரைப் பிடிக்க முடியாது. பார்த்தால் முடக்குவாதத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. பெண்களிடம் இந்த வகையைச் சற்று அதிகம் பார்க்கிறோம். முடக்குவாதத்தில் பெரும்பாலானவர்களுக்கு 'ருமட்டாய்டு ஃபாக்டர்' என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக வரும், இதில் பெரும்பாலும் வராது. முடக்குவாதம் நகத்துக்கு அடுத்த மூட்டை வழக்கமாக விட்டுவிடும், இது விடாது.

பெயரில் என்ன இருக்கிறது, இரண்டுக்கும் பல மருந்துகள் ஒன்றுதானே என்று கேட்கலாம். எல்லாம் ஒன்றில்லை. முடக்குவாதத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மருந்துகள் சோரியாசிஸ் தோலைக் கிளறிவிடலாம். ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், சிலருக்கு உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகப் பொங்கி, உயிருக்கே ஆபத்தாகும் நிலையும் வரும்.

மூன்றாம் வகை: விரல் நுனி மூட்டு

நகத்துக்கு அடுத்து இருக்கிற கடைசி மூட்டை மட்டும் பிடிக்கிற வகை. மோல், ரைட் கணக்கில் சுமார் 5 சதவீதம். வயதானவர்களுக்குத் தேய்மானத்தால் இதே இடத்தில் எலும்பு முண்டு வரும். அது கெட்டியாக இருக்கும், சிவக்காது. இதுவோ சிவந்து, சூடாக, அமுக்கினால் மெத்தென்று இருக்கும். கூடவே அந்த விரலின் நகமும் கெட்டிருக்கும்.

நகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கவனியுங்கள். தையல்காரர் விரலில் மாட்டுகிற அங்குஸ்தானைப் பார்த்திருப்பீர்கள். மேலே புள்ளி புள்ளியாகக் குழி இருக்கும். நகத்தின் மேல் அதே மாதிரி குழிகள் விழும். அல்லது நகம் நுனியிலிருந்து சதையை விட்டு விலகி வெளுக்கும். அல்லது நகத்துக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு விழுந்தது மாதிரி மஞ்சள் கறை தெரியும். அல்லது நகம் தடித்து நொறுங்கும். தோலில் மட்டும் சோரியாசிஸ் உள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே நகம் கெடுகிறது. மூட்டும் சேர்ந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குக் கெடுகிறது. காரணம், நகத்தின் வேரும் அந்தக் கடைசி மூட்டின் தசைநாணும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த கூரைக்குத் தாவுகிறது.

நம் ஊரில் இதற்கு 'நகச்சொத்தை' என்று பெயர் வைத்து, பூஞ்சைக் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருப்பார்கள். பூஞ்சையாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நகமும் கெட்டு, விரலும் வீங்கியிருந்தால் அது வெறும் சொத்தை இல்லை.

நான்காம் வகை: முதுகெலும்பு

இது முதுகெலும்பையும், அதன் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டையும் பிடிக்கும். தம்பி தங்கைகள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இது இளம் வயதில் ஆரம்பிக்கக்கூடியது. முதுகுவலி எல்லாருக்கும் வரும். சாதாரண முதுகுவலி, வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இந்த வலி அதற்கு நேர் எதிர். படுத்திருந்தால் கூடும், நடமாடினால் குறையும். விடியற்காலை மூன்று மணி, நாலு மணிக்கு எழுப்பிவிடும். காலையில் எழுந்தால் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு பலகை மாதிரி இருக்கும். 45 வயதுக்குள் ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால், அதை உட்கார்ந்த வாக்கில் வந்த வலி என்று விட்டுவிடக் கூடாது. எச்.எல்.ஏ.பி-27 என்ற மரபணு உள்ளவர்களுக்கு இந்த வகை வரும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று, சிலருக்கு வலி அதிகம் இல்லாமலே எக்ஸ்ரேயில் முதுகெலும்பு பாதித்திருப்பது தெரியும்.

ஐந்தாம் வகை: எலும்பைக் கரைப்பது

இது அபூர்வம், சுமார் 5 சதவீதம்தான் சொன்னார்கள். ஆனால் மிகக் கொடியது. விரல் எலும்பின் முனையே கரைந்துபோகும். எக்ஸ்ரேயில் ஒரு எலும்பு சீவின பென்சில் மாதிரி கூராகவும், எதிர் எலும்பு கிண்ணம் மாதிரி குழிந்தும் தெரியும். எலும்பு குட்டையாகிவிடுவதால் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். அந்த விரலைப் பிடித்து இழுத்தால், மடக்குக் குடையின் காம்பு மாதிரி நீளும், விட்டால் உள்ளே போகும். ஒரு தடவை கரைந்த எலும்பை எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவராது.

ஐந்து பெட்டி அல்ல

இப்படி ஐந்தாகச் சொன்னேனே தவிர, நோய் ஐந்து பெட்டிக்குள் ஒழுங்காக உட்கார்ந்துகொள்வதில்லை. இன்றைக்கு இரண்டு மூட்டோடு வந்தவர், சில வருஷத்தில் பத்து மூட்டோடு வரலாம். முதுகெலும்பும் விரலும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம். சிகிச்சை எடுத்தவர் பல மூட்டிலிருந்து ஒரு மூட்டுக்குத் திரும்பி வரவும் செய்யலாம். அதனால் "எனக்கு முதல் வகைதான், லேசானது" என்று யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

அதோடு ஐந்திலும் அடங்காத ஒன்று உண்டு. தசைநாண் எலும்போடு ஒட்டுகிற இடத்தில் வரும் அழற்சி. முக்கியமாகக் குதிகாலின் பின்புறம், குதிகாலின் அடி. காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். 'குதிகால் எலும்பு வளர்ந்திருக்கு' என்று செருப்பு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எல்லாக் குதிகால் வலியும் இந்த நோய் இல்லை. ஆனால் சோரியாசிஸ் உள்ளவருக்கு வந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கண்ணும் சில சமயம் சிவந்து வலிக்கும், வெளிச்சம் பார்க்கக் கூசும். அதை உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெட்டிகள் போதாது என்பதால்தான் 2006-இல் 'காஸ்பார்' என்ற விதிமுறை வந்தது. மூட்டிலோ முதுகெலும்பிலோ தசைநாண் ஒட்டும் இடத்திலோ அழற்சி இருக்க வேண்டும். அதற்கு மேல் மூன்று மதிப்பெண் வாங்க வேண்டும். இப்போது சோரியாசிஸ் இருந்தால் இரண்டு. முன்பு இருந்து மறைந்திருந்தாலோ, பெற்றோர் உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவில் யாருக்காவது இருந்தாலோ ஒன்று. நகம் கெட்டிருந்தால் ஒன்று. விரல் முழுவதும் வீங்கியிருந்தாலோ, முன்பு வீங்கியிருந்தாலோ ஒன்று. ருமட்டாய்டு ஃபாக்டர் இல்லாவிட்டால் ஒன்று. எக்ஸ்ரேயில் மூட்டோரம் புது எலும்பு முளைத்திருந்தால் ஒன்று. கவனித்தீர்களா? இதில் பாதிக்கு மேல் கண்ணால் பார்த்தும், வாயால் கேட்டுமே தெரிந்துகொள்ளலாம். "உங்க அப்பாவுக்கு, அம்மாவுக்குத் தோல்ல ஏதாவது இருந்ததா?" என்ற ஒரு கேள்விக்கு ஒரு மதிப்பெண்.

இந்த நோயை உறுதிசெய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் பலருக்கு நார்மலாகவே இருக்கும். "ரத்தம் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

தாமதத்தின் விலை

அயர்லாந்து நாட்டில் செய்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அறிகுறி தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் தாமதமாக மூட்டு நோய் மருத்துவரைப் பார்த்தவர்களுக்குப் பிற்காலத்தில் எலும்புச் சேதமும் செயல் குறைவும் அதிகம் என்று காட்டியது. ஆறு வருஷம் அல்ல, ஆறே மாதம்.

நம் சமூகத்தில் அந்த ஆறு மாதம் எங்கே போகிறது தெரியுமா? ஒரு தகப்பனார், 24 வயது மகளை அழைத்து வந்தார். மணிக்கட்டு வீக்கம், ஒரு விரல் வீக்கம், முழங்கையில் செதில். நோயைச் சொன்னேன், மருந்தைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, "டாக்டர், பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம். ஆஸ்பத்திரிக்கு வந்து போறது தெரிஞ்சா பேச்சு வரும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நானும் எவ்வளவோ சொன்னேன். பதினோரு மாதம் கழித்து வந்தார்கள். கல்யாணமும் ஆகவில்லை. நடுவிரல் மடங்கிய நிலையில் இறுகிவிட்டது. மருந்து கொடுத்து மற்ற மூட்டுகளைக் காப்பாற்றினோம், இன்று வேலைக்குப் போகிறாள். அந்த ஒரு விரல் நிமிரவில்லை. தகப்பனார் கெட்டவர் இல்லை, மகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவரை அப்படிப் பேசவைத்தது. அந்த ஊர் யார்? நாம்தான். சோரியாசிஸ் ஒட்டுவாரொட்டி இல்லை, ஒழுக்கக் கேட்டால் வருவது இல்லை, பாவத்தின் சம்பளம் இல்லை என்று படித்த நாம் நாலு பேரிடம் சொன்னால், அடுத்த தகப்பனார் கதவைச் சாத்த மாட்டார்.

மருந்து என்ன?

வலி, வீக்கம் குறைக்கும் மாத்திரைகள் ஒரு பக்கம். அவை நோயை நிறுத்துவதில்லை. நோயை அடக்குவதில் பழையதும், விலை குறைந்ததும் மெத்தோட்ரெக்ஸேட். இதன் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆந்திராவின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பிறகு அமெரிக்கா போனார். அங்கே லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையிலிருந்த குழுதான் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்ஸேட் மருந்துகளை உருவாக்கியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்காக முதலில் பயன்பட்டது. 1951-இல் குப்னர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் கொடுத்த வாத நோயாளிகளிடம் சோரியாசிஸும் மறைவதைக் கண்டு எழுதினார். அதைப் பார்க்க சுப்பாராவ் இல்லை, 1948-லேயே காலமாகிவிட்டார்.

இந்த மருந்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, இதை மறந்துவிடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் மூட்டு நோய்க்கு வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிர் போய்விடும். வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், மாத்திரை அட்டையில் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். டாக்டர் சொல்கிறபடி ஃபோலிக் அமில மாத்திரை சேர்த்துக்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனை விடாமல் செய்ய வேண்டும். மது கூடாது. குழந்தை பெறத் திட்டமிடுகிறவர்கள் மருந்து தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் முதுகெலும்பு வகைக்கு உதவாது. எந்த வகை என்று தெரிந்துகொள்வது எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில். முதுகெலும்புக்கும், மாத்திரைக்கு அடங்காத மூட்டுக்கும், 2002-க்குப் பின் உயிரியல் மருந்து ஊசிகள் வந்தன. டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுப்பவை முதலில். பிறகு ஐ.எல்.-17, ஐ.எல்.-23 ஆகியவற்றைத் தடுப்பவை. ஜாக் தடுப்பான் என்ற மாத்திரைகளும் வந்திருக்கின்றன. 2014 டிசம்பரில் இந்த ஊசிகளில் ஒன்றான அடாலிமுமாபின் இந்தியத் தயாரிப்பு வந்தபிறகு விலை இறங்கியது. இன்னும் எல்லாருக்கும் எட்டும் விலை என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால், இந்த ஊசிகளுக்கு முன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மருந்து என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த இருவரைச் சொல்கிறேன். டென்னிஸ் பாட்டர் என்ற ஆங்கிலத் தொலைக்காட்சி நாடக ஆசிரியருக்கு 1960-களின் தொடக்கத்தில், இருபதுகளிலேயே இந்த நோய் வந்தது. அப்போது மருந்து குறைவு. கைகள் முடங்கின. அந்தக் கையாலேயே எழுதினார். 1986-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய அவருடைய 'தி சிங்கிங் டிடெக்டிவ்' தொடரின் நாயகன், இதே நோயோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவன். அடுத்தவர் அமெரிக்க கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கல்சன். 2010-இல் 40 வயதில் திடீரென்று மூட்டுகள் பிடித்துக்கொண்டன. சீக்கிரம் கண்டுபிடித்து, டி.என்.எஃப். தடுப்பு ஊசி போட்டார்கள். 2013-இல் பிரிட்டிஷ் ஓபன் வென்றார். 2021-இல் 50 வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் வென்று, பெரும் போட்டி ஒன்றை வென்றவர்களிலேயே மூத்தவர் ஆனார். ஒரே நோய்தான். இடையில் ஐம்பது வருஷ மருத்துவம் இருக்கிறது. அந்த ஐம்பது வருஷமும் இன்று நம் பக்கம் இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் விடலாமா?

கேள்வி பதில்

ஒரு மாணவி: சார், எங்க அப்பாவுக்கு சோரியாசிஸ் இருக்கு. எனக்கும் வருமா?

வரலாம், வராமலும் போகலாம்மா. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடுதல், அவ்வளவுதான். பயந்துகொண்டு இருக்க வேண்டாம். ஆனால் அப்பாவிடம் இன்றைக்கே கேளுங்கள்: காலையில் கை விறைக்கிறதா, குதிகால் வலிக்கிறதா, விரல் வீங்குகிறதா என்று. அவர் உங்களிடம் இதுவரை சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு முன்னாள் மாணவர்: டாக்டர், நான் பத்து வருஷமா நாட்டு மருந்துதான் சாப்பிடுறேன். தோல் நல்லா இருக்கு. அது போதாதா?

அண்ணே, தோல் நன்றாக இருப்பது சந்தோஷம். ஆனால் தோலை வைத்து மூட்டை அளக்க முடியாது. தோல் சுத்தமாக இருக்கும்போதே மூட்டு கெடுவதுண்டு. கை, கால் எக்ஸ்ரே ஒன்று எடுத்துக் காட்டுங்கள். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போகிறவர், அவர் தரும் மருந்தின் பெயரை எங்களிடமும் சொல்ல வேண்டும். பெயர், ஊர் எதுவும் இல்லாத பொடியையும் மாத்திரையையும் மட்டும் தொடாதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொருவர்: சாப்பாட்டில் எதைத் தவிர்க்கணும்?

கத்தரிக்காய், கருவாடு என்று பட்டியல் போட்டுத் தருவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். அப்படிப் பட்டியல் என்னிடம் இல்லை. உடல் எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். எடை குறைந்தால் மூட்டும் இளகும், மருந்தும் நன்றாக வேலை செய்யும். இந்த நோயாளிகளுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அதனால் அவற்றையும் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள். புகையிலையும் மதுவும் வேண்டாம். நடக்கிறவர் நடையை நிறுத்த வேண்டாம்.

விருந்துக்கு நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கை கழுவும்போது உங்கள் பத்து நகங்களையும் ஒரு தடவை பாருங்கள். பக்கத்தில் நிற்கும் நண்பர் நகத்தில் குழி இருந்து, விரலும் வீங்கியிருந்தால், தோளில் கை போட்டு ஒரு நல்ல மூட்டு நோய் மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்.